மேசையில் பேசிய ரோபோ லைனில் பேசாவிட்டால்: கோபாட் இணைப்புப் பிழைகளை அறிகுறி வாரியாக நீக்கும் வழிமுறை

நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் மேசைமேல் வைத்துப் பத்து நாள் ஓட்டிப் பார்த்த கோபாட் (மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோ) செல், ஒரகடத்தில் கார் லைன் ஓரமாக இறக்கி வைத்ததும் ஊமையாகிவிடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. ரோபோ அதேதான், நிரல் அதேதான், பிஎல்சியும் (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) அதேதான். மாறியதெல்லாம் நடுவில் இருப்பவை: ஆலையின் நெட்வொர்க் ஸ்விட்ச், ஃபயர்வால், கடிகாரம், எம்இஎஸ் (ஆலையின் உற்பத்தி மேலாண்மை மென்பொருள்) அனுப்பும் வண்டி எண்ணின் வடிவம். ஆகவே பழுது என்றதும் ரோபோ நிரலைத் திறந்து திருத்துவது, தண்ணீர் இல்லாத இடத்தில் கிணறு வெட்டுவது. முதலில் நடுவழியைப் பாருங்கள்.

குமரி மாவட்டத்தில் செல் கட்டிச் சோதித்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், தூத்துக்குடி ஆலைகளுக்கு அனுப்புகிறவர்களுக்கும், கோணம் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்து அங்கெல்லாம் பராமரிப்பு வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்கும் இது எழுதப்பட்டது. போர்ட் எண்களும் மெனு விவரங்களும் யுனிவர்சல் ரோபாட்ஸின் இ-வரிசையை ஒட்டியவை. வேறு தயாரிப்பானால் எண்கள் மாறும். தேடும் வரிசை மாறாது.

கை வைக்கும் முன்

ரோபோவின் நிரல் கோப்பையும் இன்ஸ்டலேஷன் கோப்பையும் யுஎஸ்பியில் பிரதி எடுங்கள். பிஎல்சி திட்டத்தையும் தேதியோடு சேமியுங்கள். பையில் இருக்க வேண்டியவை: நல்லது என்று உறுதியாகத் தெரிந்த 2 மீட்டர் பேட்ச் கேபிள் இரண்டு, போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் போவதை இன்னொன்றில் நகலாகக் காட்டும்) வசதியுள்ள சிறிய ஸ்விட்ச், மல்டிமீட்டர், வலையில் போகும் செய்திகளைப் படிக்கும் வயர்ஷார்க் நிறுவிய மடிக்கணினி. அந்த மடிக்கணினியில் வை-ஃபையை அணைத்துவிடுங்கள். அலுவலக வை-ஃபையும் ரோபோவின் கேபிளும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால் நீங்கள் அனுப்பும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாது. பாதி நாள் இதிலேயே போய்விடும்.

தேடும் வரிசை ஐந்து படி: விளக்கு, முகவரி, போர்ட், அனுமதி, பொருள். கேபிளில் உயிர் இருக்கிறதா (போர்ட்டின் இணைப்பு விளக்கு எரிகிறதா), ஆளைக் கண்டுபிடிக்க முடிகிறதா, கதவு திறந்திருக்கிறதா, உள்ளே விடுகிறார்களா, சொன்னது புரிகிறதா என்று இதே வரிசையில் கேளுங்கள். ஒரு படி உறுதியாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பழுதை நீக்கியது என்று தெரியாது. மூன்று மாதம் கழித்து அதே பழுது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விளக்கு எரியவில்லை, அல்லது கை ஒரு நிலைக்கு வரும்போது மட்டும் அணைகிறது

எப்போதும் எரியவில்லை என்றால், கேபிளை இரு முனையிலும் கழற்றி நல்ல பேட்ச் கேபிளைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் பழைய கேபிள்தான் குற்றவாளி. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் கடற்காற்றில் சில வாரம் மூடியில்லாமல் கிடந்த ஆர்ஜே45 சாக்கெட்டில் ஊசிகள் மங்கியோ பச்சை பூத்தோ இருக்கும். எமரித்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே உள்ள மெல்லிய தங்கப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி அரிக்கும். கனெக்டரை மாற்றிவிடுங்கள். நமக்கு மழைக்காலம் ஆண்டுக்கு இரண்டு. செல்லை லாரியில் ஏற்றும்போது ஒவ்வொரு திறந்த போர்ட்டுக்கும் மூடி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் என்று வைப்பது மலிவான காப்பீடு.

கை ஒரே நிலைக்கு வரும்போது மட்டும் அணைந்தால், கையோடு அசையும் கேபிளுக்குள் கம்பி அறுந்திருக்கிறது. சாதாரண பேட்ச் கேபிள் ஓயாத வளைவுக்கு ஆனதல்ல. ரோபோவை மெதுவாக ஜாக் செய்து (பொத்தானை அழுத்தி நகர்த்தி) அந்த நிலைக்குக் கொண்டுபோங்கள். உடன் ஒருவர் ஸ்விட்சின் அந்தப் போர்ட்டில் பிழைக் கணக்கு ஏறுகிறதா என்று பார்க்கட்டும். ஏறினால் தொடர் வளைவுக்கென்று செய்த கேபிள் வாங்கிப் போடுங்கள். எம்12 கனெக்டரில் டி வகை நான்கு ஊசி, 100 மெகாபிட். எக்ஸ் வகை எட்டு ஊசி, கிகாபிட். இரண்டும் ஒன்றில் ஒன்று பொருந்தாது. ஆர்டர் போடும்போது வகையைச் சொல்லாவிட்டால் தவறானது வந்து நிற்கும். செம்புக் கேபிளில் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

பிங் போகவில்லை, அல்லது சில நேரம் மட்டும் போகிறது

சில நேரம் போய்ச் சில நேரம் போகாவிட்டால் முதல் சந்தேகம் ஒரே முகவரி இருவரிடம் இருப்பது. சோதனை எளிது: ரோபோவின் கேபிளைக் கழற்றிவிட்டு அதே முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். இன்னமும் பதில் வந்தால் வேறு யாரோ அந்த முகவரியில் குடியிருக்கிறார்கள். எந்த முகவரி எந்தக் கருவியிடம் என்று காட்டும் ஏஆர்பி பட்டியலில் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) பார்த்தால் ஆளும் தெரியும். பெரும்பாலும் ஸ்கேனரோ கேமராவோதான்.

பிஎல்சி வரை போகிறது, சர்வருக்குப் போகவில்லை என்றால் கேட்வே (வேறு வலைக்குப் போகும் வாசலின் முகவரி) காலியாக இருக்கிறதா, சப்நெட் மாஸ்க் ஆலை கொடுத்ததுதானா என்று பாருங்கள். மேசையில் எல்லாம் ஒரே ஸ்விட்சில் இருந்ததால் கேட்வே இல்லாமலே ஓடியிருக்கும். ஆலையில் சர்வர் வேறு விலானில் (தனி வலைப் பிரிவில்) இருக்கும்.

பிங் போகிறது, ஆனால் மென்பொருள் இணையவில்லை

பிங் ஆளைக் காட்டும், கதவைக் காட்டாது. பவர்ஷெல்லிலோ டெல்நெட்டிலோ அந்தக் குறிப்பிட்ட போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். கிடைக்கும் மறுமொழியைக் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு தோல்விகள் ஒன்றுபோலத் தோன்றி வேறு இடங்களைக் காட்டும். உடனே மறுத்துவிட்டால் பெரும்பாலும் கோரிக்கை ரோபோ வரை போயிருக்கிறது, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டு இல்லை: சேவை அணைந்திருக்கிறது, அல்லது எண் தவறு. பல நொடி காத்திருந்து காலம் கடந்தது என்று வந்தால் வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கிறது. முதலாவதை நீங்கள் சரிசெய்யலாம். இரண்டாவதற்கு ஆலையின் ஐடி பிரிவைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கும்போது எண்களோடு கேளுங்கள். இ-வரிசையில் டாஷ்போர்டு (மின் கொடு, ஓட்டு போன்ற கட்டளைகளைப் பெறும் சேவை) 29999, பிரைமரி 30001, செகண்டரி 30002, ரியல்டைம் 30003, ஆர்டிடிஇ (வெளி மென்பொருளோடு தரவு பரிமாறும் சேவை) 30004. மற்றக் கருவிகளோடும் சர்வரோடும் பேசும் நெறிமுறைகளில் மோட்பஸ் டிசிபி 502. ஓபிசி யுஏ வழக்கமாக 4840. எம்கியூடிடி 1883, மறையாக்கம் போட்டால் 8883. ஈதர்நெட் ஐபிக்கு மட்டும் இரண்டு வேண்டும்: டிசிபி 44818, யுடிபி 2222. முதலாவதை மட்டும் திறந்துவிட்டு இரண்டாவதை விட்டால் கருவி பட்டியலில் தெரியும், அடையாளம் சொல்லும், ஆனால் உள்ளீடு வெளியீடு ஓடாது. பலர் இங்கே வந்து ரோபோவைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்கிறார்கள், அதனால் பயனில்லை.

சேவை அணைந்திருப்பதாகத் தெரிந்தால் ரோபோவின் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்து, உள்வரும் அணுகலும் அந்தச் சேவையும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய பதிப்புகளில் இவற்றைத் தனித்தனியாக அணைக்க முடியும். தேவையானதை மட்டும் திறங்கள். 30001 முதல் 30003 வரை உள்ள போர்ட்டுகள் கடவுச்சொல் கேட்காமலே அசைவுக் கட்டளையை ஏற்கக்கூடியவை. அவற்றை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுவது, கையை நசுக்கக்கூடிய இயந்திரத்தின் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்குச் சமம்.

இணைந்துவிட்டது, கட்டளைக்கு அசையவில்லை

டாஷ்போர்டு பதில் சொல்கிறது, ஆனால் மின் கொடு, நிரலை ஏற்று, ஓட்டு என்ற கட்டளைகளை மறுக்கிறது என்றால் ரோபோ லோக்கல் நிலையில் இருக்கிறது. அமைப்புகளில் ரிமோட் கட்டுப்பாட்டை இயக்கிவிட்டு, பெண்டன்டின் (ரோபோவின் கையடக்கத் திரை) மேல் வலது மூலையில் ரிமோட்டுக்கு மாற்ற வேண்டும். இரண்டும் தேவை. டீச் செய்ய வந்த ஆபரேட்டர் லோக்கலுக்கு மாற்றிவிட்டு அப்படியே போய்விடுவது அன்றாடம் நடப்பது. இந்த நிலையை பிஎல்சி திரையில் எழுத்தில் காட்டினால் நள்ளிரவு அழைப்புகள் பாதி குறையும்.

பதிலே வரவில்லை என்றால் கட்டளையின் இறுதியில் புதுவரிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கட்டளை இன்னும் முடியவில்லை என்று ரோபோ காத்துக்கொண்டிருக்கும்.

ஆர்டிடிஇ வழியாக எழுதப் போகும்போது ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மறுத்தால், அதே உள்ளீட்டை வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார். பொதுப் பயன் ரெஜிஸ்டர்களில் (எண்களை வைக்கும் இடங்கள்) 0 முதல் 23 வரை ஃபீல்ட்பஸ்ஸுக்கும் (பிராஃபிநெட், ஈதர்நெட் ஐபி போன்ற இயந்திர வலைகள்) பிஎல்சிக்கும், 24 முதல் 47 வரை வெளி மென்பொருளுக்கும் என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். உங்கள் மென்பொருள் கீழ்ப் பங்கில் கை வைத்தால் பிராஃபிநெட் இயக்கியவுடன் மோதும். வேக ஸ்லைடரிலும் இதே மோதல் வரும். மேசையில் ஃபீல்ட்பஸ் அணைந்திருந்ததால் மோதல் வெளியே தெரிந்திருக்காது.

கம்பி வழி ஐஓவில் பிஎல்சி பிட் 1 காட்டி ரோபோ 0 காட்டினால், மல்டிமீட்டரை ரோபோவின் 0 வோல்ட்டுக்கும் உள்ளீட்டுக்கும் நடுவில் வையுங்கள். 24 வோல்ட் இல்லையென்றால் இரண்டு மின்வழங்கிகளின் 0 வோல்ட்டும் இணைக்கப்படவில்லை, அல்லது சென்சார் என்பிஎன் வகை. இ-வரிசையின் உள்ளீடுகள் பிஎன்பி, அதாவது 24 வோல்ட் தரும் சென்சாரை எதிர்பார்ப்பவை; என்பிஎன் 0 வோல்ட்டுக்கு இழுக்கும்.

பிராஃபிநெட், ஈதர்நெட் ஐபி: பிஎல்சியில் சிவப்பு

பிராஃபிநெட்டில் கருவியைப் பெயரால்தான் பிஎல்சி தேடும். ஐபி சரியாக இருந்தும் பெயர் ஒரு எழுத்து மாறினால் இணைப்பு வராது. சிறிய ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு, புள்ளி மட்டும் வைத்துப் பெயரிடுங்கள்; அடிக்கோடும் இடைவெளியும் தொல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினால் புதியதற்குப் பெயரைத் திரும்ப எழுத வேண்டும். பெயர் சரியாக இருந்தும் மாட்யூல் வேறுபாடு என்று வந்தால் ரோபோவை பிஎல்சிக்கு விவரிக்கும் ஜிஎஸ்டிஎம்எல் கோப்பின் பதிப்பையும் ஸ்லாட் வரிசையையும் ஒப்பிடுங்கள்.

ராக்வெல் பிஎல்சியில் பிழை எண் 0204 என்றால் பதில் வராமல் காலம் கடந்தது. திரும்ப விளக்கு, முகவரி, போர்ட் என்று போங்கள். 0106 என்றால் உரிமை மோதல்: இன்னொரு பிஎல்சி ரோபோவை ஏற்கெனவே பிடித்திருக்கிறது. சோதனைக்காகக் கொண்டுபோன பிஎல்சியைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டால் இது வரும்.

இணைப்பு வந்து வந்து போனால் புதுப்பிப்பு நேரத்தைப் பாருங்கள். பிராஃபிநெட் வழக்கமாக மூன்று சுற்று தரவு வராவிட்டால் இணைப்பை அறுக்கும். 2 மில்லிநொடி புதுப்பிப்பு என்றால் 6 மில்லிநொடி இடைவெளியே போதும், லைன் நின்றுவிடும். பாகம் எடுத்து வைக்கும் செல்லுக்கு 2 மில்லிநொடி தேவையே இல்லை. 16 அல்லது 32 வைத்தால் நிம்மதி. இணைப்பு அறுந்தால் ரோபோ என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரு முறை தீர்மானித்துவிடுங்கள்: ஒன்றும் செய்யாமல் ஓடட்டும், இடைநிறுத்து, நிறுத்து என மூன்று தேர்வு உண்டு. லைனில் முதல் தேர்வை விட்டுவைப்பது சரியல்ல.

எண்கள் வருகின்றன, தவறாக வருகின்றன

ஐந்தாம் படி இதுதான். அதிக நேரம் தின்பதும் இதுதான், ஏனென்றால் எல்லா விளக்கும் பச்சையாக இருக்கும்.

பைட் வரிசையைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி: ஒரு பக்கத்திலிருந்து 1 என்ற எண்ணை 32 பிட் முழு எண்ணாக அனுப்புங்கள். மறுபக்கத்தில் 1 வந்தால் சரி. 65536 வந்தால் இரண்டு 16 பிட் சொற்கள் இடம் மாறியிருக்கின்றன. 256 வந்தால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் பைட்டுகள் மாறியிருக்கின்றன. 16777216 வந்தால் முழுவதும் தலைகீழ். எது என்று தெரிந்தபின் ஒரே இடத்தில், ஒரே முறை திருப்புங்கள். பிஎல்சிக்காரர் ஒரு பக்கமும் ரோபோக்காரர் மறுபக்கமும் திருப்பினால் பழுது அப்படியே இருக்கும், இருவரும் சரிசெய்துவிட்டதாகச் சொல்வார்கள். பின்ன எண்களையும் இதே வழியில் உறுதிசெய்தபின்தான் அனுப்ப வேண்டும்.

மோட்பஸில் எல்லாம் ஒரு இடம் தள்ளி வந்தால், ஒரு மென்பொருள் முகவரியை 0 முதல் எண்ணுகிறது, மற்றது 1 முதல். இ-வரிசையில் பொதுப் பயனுக்கு விட்டிருப்பது 128 முதல் 255 வரை. 128-இல் எழுதியது 127 அல்லது 129-இல் தெரிந்தால் காரணம் இதுவே.

வண்டி அடையாள எண் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. அப்படி ஓர் எண் இல்லை என்று எம்இஎஸ் சொன்னால் முதலில் நீளத்தை எண்ணுங்கள். 18 அல்லது 19 வந்தால் பார்கோடு ஸ்கேனர் இறுதியில் புதுவரிக் குறியைச் சேர்த்திருக்கிறது. ஸ்கேனர் அமைப்பிலேயே அதை அணைப்பது நல்லது. முன்னால் இரண்டு குப்பை எழுத்து வந்து, கடைசி இரண்டு எழுத்து காணாமல் போனால், அது சீமென்ஸ் பிஎல்சியின் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்). அதன் தலையில் இரண்டு பைட் உண்டு: முதலாவது அதிகபட்ச நீளம், இரண்டாவது இப்போதைய நீளம். ஆகவே 17 எழுத்து எண்ணுக்கு 19 பைட் வேண்டும். படிப்பது மூன்றாம் பைட்டிலிருந்து. அதே பிஎல்சியில் வெளி மென்பொருள் டேட்டா பிளாக்கைப் படிக்கவே முடியவில்லை என்றால், 1200, 1500 வரிசைகளில் புட்-கெட் அனுமதி (வெளியிலிருந்து படிக்கவும் எழுதவும் விடுவது) தரப்பட்டிருக்கிறதா, அந்த பிளாக்கில் ஆப்டிமைஸ்டு அணுகல் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அளவலகு இன்னொரு கண்ணி. யுனிவர்சல் ரோபாட்ஸ் மீட்டரிலும் ரேடியனிலும் பேசும்; கேமராவும் எம்இஎஸ்ஸும் பெரும்பாலும் மில்லிமீட்டரிலும் டிகிரியிலும். 250 என்று கேமரா சொன்னால் ரோபோ 250 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு எட்டாத இடம் என்று நிற்கும். அது நல்ல தோல்வி, ஏனென்றால் உடனே தெரிந்துவிடுகிறது. கெட்ட தோல்வி கோணத்தில் வருகிறது: ரோபோவின் மூன்று கோண எண்களும் சுழற்சி வெக்டர் (ஓர் அச்சும் அதைச் சுற்றிய கோணமும் சேர்ந்தது), கேமரா அனுப்புவது ரோல், பிட்ச், யா (மூன்று அச்சுக்கும் தனித்தனிக் கோணம்). ஒரே அச்சில் மட்டும் திரும்பும்வரை இரண்டும் ஒத்துப்போகும். பாகம் கொஞ்சம் சாய்ந்து வரும் நாளில்தான் கிரிப்பர் கோணலாக இறங்கும். ஆகவே சோதிக்கும்போதே இரண்டு அச்சில் ஒருசேரச் சாய்த்துச் சோதியுங்கள்.

சாக்கெட் வழியாகக் கேமராவிடமிருந்து எண்களைப் படிக்கும் கட்டளை, எண்கள் அடைப்புக்குறிக்குள் காற்புள்ளியிட்டு வரும் என்று எதிர்பார்க்கிறது. திரும்பக் கொடுக்கும் பட்டியலின் முதல் இடத்தில் இருப்பது எண்ணிக்கை, எக்ஸ் அல்ல. நிரலில் அதைத் தள்ளி எடுக்காவிட்டால் எண்ணிக்கை எக்ஸாகவும், எக்ஸ் ஒய்யாகவும் போகும். எதுவும் வராவிட்டால் வழக்கமான 2 நொடிக்குப் பின் முதல் இடத்தில் 0 இருக்கும். அந்த 0-ஐச் சோதிக்காமல் நகரச் சொல்லும் நிரலைச் செல்லில் விடக் கூடாது.

ஒரு வண்டி விடுபடுகிறது, அல்லது ஒன்று இரண்டாகப் பதிவாகிறது

ரோபோ வேலை முடிந்தது என்ற பிட்டை 100 மில்லிநொடி மட்டும் உயர்த்தி இறக்குகிறது; எம்இஎஸ் ஒரு நொடிக்கு ஒரு முறை பார்க்கிறது. பத்தில் ஒன்பது முறை பிட் கண்ணில் படாது. மேசையில் பிஎல்சி 10 மில்லிநொடிக்கு ஒரு முறை பார்த்ததால் எல்லாம் நன்றாக இருந்தது. துடிப்பின் நீளத்தைக் கூட்டுவது மருந்தல்ல. சர்வர் மெதுவாகும் நாளில் அதுவும் தவறும். யாரும் நேரத்தை நம்பாத கைகுலுக்கல்தான் மருந்து. அது இப்படிப் போகும்:

1. பிஎல்சி முதலில் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதுகிறது. அடுத்த ஸ்கேனில்தான் (நிரலின் அடுத்த சுற்றில்தான்) தயார் பிட்டை உயர்த்துகிறது. இரண்டையும் ஒரே ஸ்கேனில் செய்தால் ரோபோ புதிய பிட்டையும் பழைய எண்ணையும் படிக்க வாய்ப்புண்டு.
2. ரோபோ வரிசை எண்ணைப் படித்து அதையே திருப்பி எழுதுகிறது. பிஎல்சி ஒப்பிட்டு, ஒத்தால் மட்டும் போ என்கிறது.
3. வேலை முடிந்ததும் ரோபோ முடிவை முதலில் எழுதி, பிறகு முடிந்தது பிட்டை உயர்த்தி, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது.
4. எம்இஎஸ் பதிவு செய்துவிட்டேன் என்று சொன்னபின் பிஎல்சி ஒப்புகைப் பிட்டை உயர்த்துகிறது. ரோபோ தன் பிட்டை இறக்குகிறது. அதைப் பார்த்து பிஎல்சி ஒப்புகையை இறக்குகிறது. கடைசி இறக்கத்தை விட்டுவிட்டால் அடுத்த வண்டி முன்கூட்டியே ஒப்புகை பெற்றுவிடும்.

இரண்டாகப் பதிவாவது வேறு நோய்: ஒப்புகை வழியில் தொலைந்ததால் அனுப்பியவர் திரும்ப அனுப்புகிறார். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. வண்டி எண், நிலைய எண், வரிசை எண் மூன்றும் சேர்ந்த தனித்த சாவியை டேட்டாபேஸில் வைத்தால் இரண்டாவது பதிவு தானே மறுக்கப்படும். வரிசை எண்ணை 30000-இல் திருப்பிவிடுங்கள். குறியுள்ள 16 பிட் எண் 32767-ஐத் தாண்டினால் எதிர்மறைக்குப் போய்விடும்.

திருகு முறுக்கி இணைந்து 15 நொடியில் அறுந்துவிடுகிறது

திருகு இறுக்கும் கோபாட்டுகளில் முறுக்கியின் கட்டுப்படுத்தி பெரும்பாலும் ஓப்பன் புரோட்டோகால் என்ற நெறிமுறையில், 4545 போர்ட்டில் பேசும். 15 நொடி செய்தி எதுவும் வராவிட்டால் அது இணைப்பை முடித்துக்கொள்ளும். 10 நொடி அமைதியானவுடன் 9999 செய்தியை அனுப்பும் டைமர் உங்கள் பக்கம் வேண்டும். தொடக்கத்தில் 0001 அனுப்பி 0002 வந்தபின்தான் மற்றவை. 0004 வந்தால் அது பிழை; உள்ளே இருக்கும் எண் காரணத்தைச் சொல்லும். ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு 20 பைட், முதல் நான்கு இலக்கம் நீளம், இறுதியில் ஒரு பூஜ்ய பைட். அந்தப் பூஜ்ய பைட்டை நீளத்தில் சேர்த்து எண்ணக் கூடாது. 0060 அனுப்பிச் சந்தா கேட்டபின் இறுக்க முடிவுகள் 0061-ஆக வரும். ஒவ்வொன்றுக்கும் 0062 பதில் தர வேண்டும். பதில் தராவிட்டால் முதல் முடிவு மட்டும் வந்து பிறகு அமைதி.

ஓபிசி யுஏ, எம்கியூடிடி

ஓபிசி யுஏவில் உங்கள் மென்பொருள் சர்வரைக் கண்டுபிடிக்கிறது, தேர்ந்தெடுத்தவுடன் இணைய முடியாமல் தோற்கிறது என்றால் சர்வர் தன் முகவரியை எண்ணாகத் தராமல் பெயராகத் தருகிறது. உங்கள் கணினிக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. டிஎன்எஸ்ஸிலோ ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ சேருங்கள். சான்றிதழ் மறுப்பு என்றால் சர்வரின் மறுக்கப்பட்டவை பட்டியலில் உங்கள் சான்றிதழ் கிடக்கும். அதை நம்பகமானவை பட்டியலுக்கு நகர்த்துங்கள். அங்கே இல்லையென்றால் கடிகாரத்தைப் பாருங்கள்: மின்கலம் செத்துப் பழைய தேதிக்குப் போன கணினிக்குப் புதிய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

எம்கியூடிடியில் இரண்டு செல் மாறி மாறி அறுந்து இணைந்தால் இரண்டுக்கும் ஒரே கிளையன்ட் அடையாளம். ஒரு செல்லின் இமேஜை நகலெடுத்து அடுத்ததைக் கட்டியிருப்பீர்கள். ரீஸ்டார்ட் ஆனதும் நேற்றைய வேலையைத் தொடங்கினால் புரோக்கரில் (செய்திகளை வாங்கிப் பங்கிடும் சர்வர்) தக்கவைத்த செய்தி கிடக்கிறது. நிலைத் தகவலுக்குத் தக்கவைப்பு நல்லது, கட்டளைக்கு ஒருபோதும் வைக்காதீர்கள்.

நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது

ரோபோவோ பிஎல்சியோ உலக நேரத்தில் எழுதுகிறது, எம்இஎஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நள்ளிரவு 00:00 முதல் காலை 05:30 வரை செய்த வண்டிகள் முந்தைய நாள் கணக்கில் விழும். இரவு ஷிஃப்டின் எண்ணிக்கை தினமும் ஒத்துப்போகாது. எல்லாரும் உலக நேரத்தில் எழுதட்டும், திரையில் காட்டும்போது மட்டும் 5:30 கூட்டட்டும். ஆலையின் நேரம் தரும் என்டிபி சர்வரை எல்லாக் கருவியிலும் கொடுத்து, யுடிபி 123 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போய் வந்தபின் எழவில்லை

ஐப்பசி இடிமழையில் இங்கே மேசைச் சோதனையின்போதே இதைப் பார்த்துவிடலாம். அதைத் தொந்தரவாக நினைக்காமல் சோதனையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிஎல்சி முன்னால் எழுந்துவிடும், ரோபோ பின்னால்தான் எழும். அதற்குள் பிஎல்சி அனுப்பிய தொடங்கு கட்டளை காற்றில் போய்விடும். காத்திருப்பு நேரத்தை நம்பாமல் நிலையைக் கேட்டு நகருங்கள்: டாஷ்போர்டு பதில் தரும்வரை கேள், மின் கொடு, பிரேக்கை விடுவி, நிலை ஓடுகிறது என்று வரட்டும், நிரலை ஏற்று, அதன்பின் ஓட்டு. பிரேக்கை விடுவிக்கும்முன் செல்லுக்குள் ஆள் இல்லை என்று ஒருவர் பார்த்துப் பொத்தானை அழுத்தும் படியைக் கட்டாயம் வையுங்கள். ரோபோவுக்கு யுபிஎஸ் வைத்து ஸ்விட்சை விட்டுவிட்டால் பயனில்லை. இரண்டும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

ஒரு மாடலில் மட்டும் பாதுகாப்பு நிறுத்தம்

பாகத்தைத் தூக்கியதும் நின்றால் எடை விவரம் வந்து சேரவில்லை. கிரிப்பர் 1.1 கிலோ, பாகம் 3.2 கிலோ என்றால் மொத்தம் 4.3. அந்த மாடலுக்கு எம்இஎஸ் செய்முறையில் எடை காலியாக இருந்தால் 0 போகும்; எதிர்பாராத 4.3 கிலோவை ரோபோ மோதல் என்று எடுத்துக்கொள்ளும். வந்த எடை கிரிப்பரின் எடையைவிடக் குறைவானால் தொடங்க மறுக்கும் ஒரு வரியை நிரலில் சேருங்கள். ஈர்ப்பு மையத்தையும் மாடலோடு அனுப்புங்கள்.

இந்த நிறுத்தத்தை 5 நொடிக்குப் பின் டாஷ்போர்டு வழியாக விடுவிக்க முடியும். லைன் நிற்காமல் இருக்க அதைத் தானாகச் செய்யும் நிரலை எழுதச் சொல்வார்கள். எழுதாதீர்கள். நின்றதற்குக் காரணம் ஒருவரின் விரலாக இருக்கலாம். கோபாட்டின் விசை வரம்புகள் 2016-இல் ஐஎஸ்ஓ 15066 தொழில்நுட்ப விவரக்குறிப்பில் வந்து, 2025-இல் ஐஎஸ்ஓ 10218-இன் இரண்டாம் பாகத்துக்குள் சேர்ந்துவிட்டன. ஒரு மென்பொருள் வரி அந்த வரம்புகளின் பொருளையே அழித்துவிடும். அதேபோல் அவசர நிறுத்தமும் காவல் நிறுத்தமும் இரட்டைக் கம்பியிலோ பிராஃபிசேஃப் போன்ற சான்று பெற்ற நெறிமுறையிலோதான் வர வேண்டும். எம்இஎஸ் பிட்டில் அல்ல.

நாகர்கோவிலிலிருந்து விபிஎன் வழியாகப் பார்க்கும்போது

பிராஃபிநெட்டின் நிகழ்நேரத் தரவு ரவுட்டரைத் தாண்டாது. இங்கிருந்து பெயர் தேடினால் அங்குள்ள ரோபோ தெரியாது; அது பழுதல்ல. ஆலைக்குள் இருக்கும் ஒரு கணினிக்குள் போய் அங்கிருந்து தேடுங்கள். பிங் போகிறது, சிறிய செய்தி போகிறது, பெரிய கோப்பு மட்டும் தொங்குகிறது என்றால் விபிஎன் பொதியின் அளவைக் குறைத்திருக்கிறது. துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பி, பதில் வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்; கிடைத்த எண்ணோடு 28 கூட்டினால் வைக்க வேண்டிய எம்டியு (பொதியின் அதிகபட்ச அளவு).

ஐடி பிரிவுக்கு எழுதும் செய்தி இந்த அளவில் இருந்தால் வேலை நடக்கும்: "சார், வணக்கம். ரோபோ 10.20.5.41-இலிருந்து சர்வர் 10.20.9.10-க்கு டிசிபி 4840 வேண்டும், ஒரு திசை போதும். இப்போது முயன்றால் மறுப்பு வரவில்லை, காலம் கடந்து போகிறது. மாலை 4 மணிக்குள் திறந்தால் ஷிஃப்ட் மாறும் முன் சோதித்துவிட்டுச் சொல்கிறோம்." யாரிடமிருந்து, யாருக்கு, எந்தப் போர்ட், எந்தத் திசை, என்ன அறிகுறி, எப்போதுக்குள் ஆகிய ஆறும் அதில் இருக்கின்றன. இதில் ஒன்று விடுபட்டாலும் அவர் திரும்பிக் கேட்பார், ஒரு ஷிஃப்ட் போய்விடும்.